சனிக்கிழமைக் காலைக்கு எந்தப் பூங்கா? கோலாலம்பூரில் தமிழ்ப் பிள்ளைகளின் வெளிப்புறக் கற்றலுக்கான இடங்கள்: ஓர் ஒப்பீடு

செந்தூல், ஜாலான் ஈப்போ வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கும் ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளைச் சனிக்கிழமைக் காலையில் வெளியே அழைத்துச் சென்று, இயற்கையைக் கவனிக்கவும் கையால் எதையாவது செய்யவும் பழக்கலாம் என்று பெற்றோர் சிலர் எண்ணியிருக்கிறோம். ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும் டியூஷன் வகுப்புகள் சனிக்கிழமையை விட்டபாடில்லை. ஆகவே கிடைப்பது காலை எட்டு மணிக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட பொழுதுதான். அந்த இரண்டரை மணி நேரத்தை எந்தப் பூங்காவில் செலவிடுவது என்பதே இங்கே ஆராயும் கேள்வி.

நிழல், கழிப்பறை, வாகன நிறுத்துமிடம், பாதுகாப்பு ஆகிய நான்கையும் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதாம். ஆனால் இவற்றை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் நகரின் மிக அழகான பூங்காவே எப்போதும் முந்தும். பிள்ளைகளோ அங்கே கைகட்டி வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஆதலால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, அதற்கே முதலிடம் தருகிறேன்: அந்தப் பூங்காவின் தரையில் என்ன கிடக்கிறது, அதைப் பிள்ளை குனிந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள முடியுமா? திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிய சமுதாயத்துக்கு இது புதிய எண்ணமன்று. உதிர்ந்த இலை, விதை, காய்ந்த காய், சுள்ளி, கூழாங்கல், ஈர மண் ஆகியவையே அறிவியல் பாடத்தின் கருவிகள். ஓவியத்துக்கும் கைவேலைக்கும் வேண்டிய பொருள்களும் அவையே.

இந்த அளவுகோலில் முதலில் விலகுவது கேஎல்சிசி பூங்கா. பிரேசில் நாட்டு நிலத்தோற்றக் கலைஞர் ரோபெர்ட்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்த 50 ஏக்கர்ப் பூங்கா அது. எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயில் படாமலே நடந்து போய்விடலாம். பிள்ளைகள் இறங்கி விளையாட ஆழமற்ற நீர்த்தடாகமும் பெரிய விளையாட்டுத் திடலும் உண்டு. விடுமுறையில் குடும்பத்தோடு போக நகர நடுவில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே விழுந்த இலை அதிக நேரம் தரையில் தங்குவதில்லை. சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்துக்கு நடுவே இருபது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒரு விதையைப் பிளந்து காட்டுவது நடக்கிற காரியமும் அன்று.

தித்திவங்சா ஏரிப் பூங்காவின் நிலை வேறு. செந்தூலிலிருந்து எல்ஆர்டியில் அடுத்த நிலையம் தித்திவங்சா. அங்கிருந்து சற்று நடக்க வேண்டும். ஏரி என்று நாம் சொல்வது பழைய ஈயச் சுரங்கம் விட்டுச்சென்ற குட்டை. கோலாலம்பூரின் பல ஏரிகளுக்கும் பிறப்பு அப்படித்தான் என்பதால், நகரம் எதைத் தோண்டி வளர்ந்தது என்ற வரலாற்றுப் பாடத்தை அந்தக் கரையில் நின்றே சொல்லலாம். தண்ணீருக்கு மேல் நகரத்துக் கோபுரங்கள் வரிசையாகத் தெரிவதால், தொலைவில் இருப்பது சிறிதாகவும் அருகில் இருப்பது பெரிதாகவும் தெரிவதை வரைந்து பழக அதைப் போன்ற காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மீன்கொத்தியும் கரையேறி வெயில் காயும் உடும்பும் கூட உண்டு. தயக்கம் எனக்கு இரண்டு. சனிக்கிழமைக் காலையில் ஓட்டக்காரர்களும் மிதிவண்டிகளும் பாதைகளை நிறைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, நீர்நிலை அருகே இருக்கும்போது ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கிலிருந்து இறங்கவே கூடாது. பெற்றோர் ஒரு வாரம் குறைந்தாலும் அன்றைய நிகழ்ச்சியைக் கைவிட வேண்டியதாகும்.

மூத்தவர்கள் இன்றும் லேக் கார்டன் என்றே சொல்லும் பெர்டானா தாவரவியல் பூங்கா, இவ்வகைக் கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லும் முதல் விடை. 1888இல் ஆல்ஃபிரட் வென்னிங் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் தொடங்கப்பட்ட அது, இன்று 91.6 ஹெக்டரில் பரந்திருக்கிறது. செம்பருத்திக்குத் தனித் தோட்டம், ஆர்க்கிட் மலர்களுக்குத் தனித் தோட்டம், மூலிகைப் பகுதி, பெரணிகள், மூங்கில்கள் எனச் செடிகளை வகைபிரித்து வைத்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும் பாடத்துக்கு ஈடில்லாத இடம். ஏரிக்கரையில் மூங்கிலால் எழுப்பிய திறந்த மண்டபமும், சிறுவர்க்கான பெரிய விளையாட்டுத் திடலும் இருக்கின்றன. முசியம் நெகாரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் தாவரவியல் பூங்கா என்பது காட்சிக்கு வைத்த செடிகளின் தொகுப்பு; அங்கே பறிக்கக் கூடாது, பாத்திக்குள் இறங்கக் கூடாது என்பது நியாயமான விதி. ‘தொடாதே’ என்று இரண்டரை மணி நேரத்தில் நாற்பது தடவை சொல்ல வேண்டியிருக்கும் ஓரிடத்தில் கைவேலை நடக்காது. குறிப்பேடும் பென்சிலும் கொண்டுபோய், ஒரு பிள்ளைக்கு ஒரு செடி என்று கொடுத்து உட்காரவைத்து வரையச் சொல்வதற்கு மட்டும் ஆண்டில் இரு முறை போகலாம் என்பது என் கருத்து.

அதற்கு அருகிலேயே 2018இல் திறக்கப்பட்ட 66 ஏக்கர் தாமான் துகு, உள்நாட்டு மரங்களை நட்டு வளர்த்த நகரக் காடு. மரம் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வந்தால் பெர்டானாவைவிட அங்கேதான் போவேன். மழைக்குப் பின் மண்பாதை வழுக்கும் என்பதால் சிறிய பிள்ளைகளுக்கு ஏற்றதன்று.

கெப்போங் வன ஆய்வுக் கழகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோலாலம்பூருக்கு வெளியே, சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் அந்த இடம் 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஈயம் தோண்டிப் பாழாய்க் கிடந்த நிலத்தில் 1920களில் தொடங்கி மனிதர்கள் மரம் நட்டு உண்டாக்கிய காடு அது என்பதே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி. அங்குள்ள காப்பூர் மரங்களின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தின் உச்சியைத் தொடாமல் இடைவெளி விட்டு வளர்ந்திருப்பதும், அந்த இடைவெளிகளில் வானம் வளைந்து வளைந்து ஓடுவதும் தெரியும். பிள்ளைகளை மல்லாந்து படுக்கச் சொல்லி, இலைகளை விட்டுவிட்டு வானத்தின் வடிவத்தை மட்டும் வரையச் சொன்னால், வரைதல் பயிற்சிக்கு வேறு பாடமே தேவையில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த மரத்தில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் மணக்கும் பச்சைக் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த இனத்து மரத்திலிருந்து எடுக்கப்பட்டு, சுமத்திராவின் பாரூஸ் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து சென்றது. பாரூஸை அடுத்த லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வரலாறும் தாவரவியலும் ஒரே மரத்தடியில் சந்திக்கும் இத்தகைய இடம் அரிது. ஆயினும் ஆய்வு நிலம் என்பதால் அங்கிருந்து எதையும் எடுத்துவரலாகாது. நுழைவுக் கட்டணம், முன்னேற்பாடு, வேன் வாடகை எல்லாம் சேர்ந்து அதை ஆண்டுக்கொரு நாள் பயணமாக்கிவிடுகின்றன. அதுவும் அரை நாளில் முடியாது.

எஞ்சியிருப்பவை இரண்டு: புக்கிட் கியாரா அடிவாரத்துத் தாமான் ரிம்பா கியாரா, நம் குடியிருப்புக்குள்ளேயே இருக்கும் சிறு பூங்காவும் திடலும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் சந்ததியினர், தோட்டம் கைமாறிய பிறகு பூங்காவை ஒட்டிய நீள்வீடுகளில் வாழ்ந்து, நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தார்கள். பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் எழுப்பத் தரப்பட்டிருந்த அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்த வழக்கு நாடறிந்தது. பூங்கா யாருக்குச் சொந்தம், அதை யார் காப்பது, அதன் அருகே வாழ்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகளைப் பதினொரு வயதுப் பிள்ளையோடு பேச முடியாது என்று நான் நினைக்கவில்லை.

தரைக்கு வருவோம். குன்றின் சரிவுகளில் பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அவற்றின் காய்கள் வெயிலில் காய்ந்து, ‘பட்’டென்று வெடித்து, உள்ளிருக்கும் மூன்று விதைகளையும் பல மீட்டர் தொலைவுக்கு எறியும். வெடித்த காயின் ஓடுகளையும் விதைகளையும் பொறுக்கிச் சேர்த்தால் அன்றைய பாடம் அங்கேயே அமைந்துவிடுகிறது. ரப்பர் விதையின் மேல்தோல் தாய் மரத்தின் திசுவால் ஆனது. அதனால் ஒரே மரத்து விதைகள் எல்லாம் ஒரே புள்ளிக்கோலத்தைக் கொண்டிருக்கும். தோட்டத் துறையில் மரத்தின் வகையை அடையாளம் காணவே இந்தக் கோலத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் கூடை நிறையப் பொறுக்கிய விதைகளைக் கோலம் பார்த்துப் பிரித்து, எத்தனை தாய் மரங்கள் என்று ஊகித்து, பின்பு மரத்தடிகளுக்குப் போய்ச் சரிபார்க்கலாம். கவனித்தல், வகைப்படுத்தல், ஊகித்தல், சோதித்தல் என்று அறிவியல் பாடநூல் அடுக்கும் சொற்களெல்லாம் இந்த ஒரு வேலையில் அடங்கும். பிரித்த விதைகளை வைத்துத் தரையில் புள்ளிக்கோலம் போடலாம். காயின் ஓடுகளைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் ஓசை எழும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலைகள் சிவந்து உதிரும்போது போனால், இந்த நாட்டில் அரிதாகவே காணக்கூடிய இலையுதிர்வைக் காட்டலாம்.

இந்த இடத்தில் பாட்டிமார் ஆசிரியர்களாகிவிடுவார்கள் என்பதை நான் பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன். உளி பிடித்த விதம், மங்கு என்ற கிண்ணத்தில் பால் சொட்டிய வேகம், பிரட்டு எனும் காலை வருகைப் பதிவுக்கு எழுந்த நேரம், மழை வந்தால் போன கூலி ஆகியவற்றைச் சொல்ல அவர்களுக்குப் புத்தகம் வேண்டாம். ரப்பர் விதையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்து அலறவைத்த விளையாட்டையும் அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். உராய்வு வெப்பத்தைப் பிறப்பிக்கிறது என்ற வாக்கியத்தை நாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பச்சை ரப்பர் விதையில் நச்சு உண்டு, வாயில் வைக்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்; மரத்தைக் கீறிப் பால் வருகிறதா என்று பார்க்கவும் விடக்கூடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. செந்தூலிலிருந்து ரயிலில் போவதென்றால் பிளாசா ரக்யாட்டில் இறங்கி மெர்டேகா நிலையத்தில் எம்ஆர்டி ஏறி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையத்திலிருந்து மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். போக வர ஆகும் நேரம் நம் இரண்டரை மணியில் பாதியை விழுங்கிவிடும். நீள்வால் குரங்குகள் உண்டு; பிளாஸ்டிக் பை சலசலத்தால் இறங்கி வந்துவிடும் என்பதால் தின்பண்டங்களைத் தகர டப்பாவில் அடைத்துப் பைக்குள் வைப்பதே வழி. குன்றின் பாதைகளில் மலை மிதிவண்டிகள் விரைந்து வரும். பிள்ளைகளைச் சரிவின் அடிப்பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குடியிருப்புப் பூங்காவை யாரும் முதலில் பொருட்படுத்துவதில்லை. ஓர் ஊஞ்சல், உடைந்த சறுக்குமரம், புல் வெட்டிய பாடாங், ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு மரங்கள். இதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நகராட்சி நிழலுக்காக நட்ட அந்த மரங்களையே வரிசையாகப் பார்ப்போம். தூங்குமூஞ்சி மரம் மாலையிலும் மழை மேகம் மூடும்போதும் இலைகளை மடக்கிக்கொள்கிறது. அங்சானாவின் வட்டமான இறக்கைக் காய் மேலிருந்து விட்டால் சுழன்றபடி இறங்குகிறது. அதே வடிவில் காகிதத்தை வெட்டி, எது மெதுவாக இறங்குகிறது என்று போட்டி வைக்கலாம். சாகா மரம் என்று இங்கே அறியப்படும் ஆனைக்குன்றிமணி மரத்தின் சிவப்பு விதைகள் எடையில் ஏறத்தாழ ஒத்திருப்பவை. நான்கு விதை ஏறக்குறைய ஒரு கிராம் தேறும். பொற்கொல்லர்கள் மஞ்சாடி என்று எடை போட்டது இவற்றை வைத்துத்தான். சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துச் சென்றால் சராசரி காணும் கணக்குப் பாடம் முடிந்தது. ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: கறுப்புப் பொட்டுள்ள சிறிய குன்றிமணி கொடும் நஞ்சு, இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புல்வெளியிலும் பாடம் உண்டு. தொட்டாற்சுருங்கியை எத்தனை முறை தொட்டால் அது சுருங்குவதை நிறுத்துகிறது, மறுபடி விரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறிக்கலாம். நிழல் அளவைக்குத் திறந்த திடலைவிட நல்ல இடம் வேறில்லை. ஒரு மீட்டர்க் கோலை நட்டால் காலை எட்டு மணிக்கு அதன் நிழல் நான்கைந்து மீட்டர் நீளும். பத்தரைக்குக் கோலின் உயரத்தளவே இருக்கும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைதான் என்பதால், மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் பகல் ஒன்றேகால் வாக்கில் நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். இதை ஒரே நாளில் முடிக்க முடியாது. அதே இடத்தில், அதே கோலை, மாதாமாதம் நட்டால்தான் நிழலின் திசை தெற்கிலிருந்து வடக்கே மாறுவது புலப்படும்.

வீட்டுக்கு அருகே இருக்கும் பூங்காவின் வலிமை இந்தத் தொடர்ச்சிதான். வேலியோரச் சங்குப்பூவைப் பறித்து நசுக்கி நீலச் சாயம் எடுத்து, எலுமிச்சைச் சாறு விட்டு ஊதாவாக்கி, அந்த நிறத்தாலேயே படம் தீட்டும் வேலையை வாரம் விட்டு வாரம் தொடரலாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவதை நம் ஆரத்தித் தட்டிலேயே பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தனதாக எடுத்துக்கொண்டு, அதன் பூ, காய், பூச்சி, பறவை எல்லாவற்றையும் ஆண்டு முழுதும் குறித்துவைக்க முடியும். தொலைவிலுள்ள பூங்கா எவ்வளவு வளமானதாக இருந்தாலும் அதற்கு இடம் தராது.

குறை எதுவென்றால், கழிப்பறை பெரும்பாலும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் தயவு வேண்டும். துப்புரவுப் பணியாளர் வந்துவிட்டால் பொறுக்க எதுவும் மிஞ்சாது. அவர்களிடம் பேசி, ஒரு மூலையைக் கூட்டாமல் விடச் சொல்லலாம். ஏடிஸ் கொசு காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும் என்பதால் நீளக் கைச்சட்டையும் கொசுத் தைலமும் கட்டாயம். இது எல்லாப் பூங்காக்களுக்கும் பொருந்துமென்றாலும், குடியிருப்புக்கு நடுவில் டிங்கிக் காய்ச்சல் பரவும் வாரங்களில் வகுப்பையே நிறுத்த வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துகின்றன. நாமும் அதையே பின்பற்றலாம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் காலை நேரத் தேர்வு நமக்குச் சாதகம்.

ஆகவே என் பரிந்துரை இது. வழக்கமான சனிக்கிழமைகள் குடியிருப்புத் திடலில் நடக்கட்டும். ரப்பர் காய் வெடிக்கும் காலத்தில் ஒரு முறையும் இலை உதிரும் காலத்தில் ஒரு முறையும், டியூஷன் இல்லாத விடுமுறை நாள் பார்த்து, பாட்டிமாரையும் ஏற்றிக்கொண்டு கியாராவுக்குப் போவோம். கெப்போங் ஆண்டுக்கு ஒரு முறை. பெர்டானா வரைவதற்கு மட்டும். தித்திவங்சாவைப் பெற்றோர் நிறையப் பேர் வரும் நாளுக்கு ஒதுக்கலாம். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளே பெரும்பாலோராக இருந்தால் இந்த வரிசை மாறும். அவர்களுக்குக் கழிப்பறையும் விளையாட்டுத் திடலும் உள்ள பெர்டானாவே வசதி. டாமான்சாரா பக்கம் குடியிருப்போருக்கோ கியாராவே அருகிலுள்ள பூங்கா என்பதால் அவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

குடியிருப்புத் திடலில் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. கூடாரம் அடித்து ஒலிபெருக்கி வைப்பதென்றால் மட்டும் மாநகர் மன்றத்திடமும் குடியிருப்பாளர் சங்கத்திடமும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட வேண்டும். கியாராவுக்கான வேனை ஜூலையிலேயே பேசிவைப்பது நல்லது. ஆகஸ்ட் 31க்கும் செப்டம்பர் 16க்கும் இடைப்பட்ட வாரங்களில் விடுமுறைப் பயணங்கள் கூடிவிடுவதால், கடைசி நேரத்தில் கேட்டால் வண்டி கிடைக்காது.